மூக்குக்கண்ணாடியில் பச்சை நூல்

எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்த்தது அவர்களுடைய சீப்பு, குடை, வெற்றிலைப் பெட்டி, ஷேவிங் பிரஷ். தலைமைச் செயலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், குடும்பத்தாரின் சான்றுக் கடிதம், தொடுவதற்குக் கையுறை. எங்கள் கரமனை வீட்டில் மனிதர்களைவிடப் பொருள்களுக்கு மரியாதை அதிகம்.

பதினேழாம் எண், பெரிய நாவலாசிரியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி. ஒரு மதியம் சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையது பழுதுபார்க்கப் போயிருந்தது. ஆடிக்கொண்டிருந்த காதுக்கம்பியை ரவிக்கை தைக்கும் பச்சை நூலால் இறுக்கியும் கட்டியிருந்தாள்.

"ஏன்னா, உங்க நாவலாசிரியருக்கும் எனக்கும் ஒரே பவர். கதைதான் வரமாட்டேங்கறது" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. "அதோட மதிப்பு தெரியுமா உனக்கு?" என்றேன்.

கழற்றிக் கொடுத்துவிட்டாள். பிறகு அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை. அவிழ்த்தால் கம்பி விழுந்துவிடும் என்று நூலை அப்படியே விட்டேன்.

அடுத்த வருடம் சேகரிப்பு முழுவதையும் ஒரு நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்தேன். பத்திரத்தை நானே எழுதினேன். எவனும் நுழைய முடியாத பத்திரம். சில மாதங்களில் அவள் போனாள். காரியங்கள் முடிந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி தீர்த்தேன். புடவைகள் உறவினர்களுக்கு, அவளுடைய கண்ணாடி கண் மருத்துவமனைப் பெட்டிக்கு. அதன்பின்தான் அந்த நூல் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகு போகவே இல்லை.

நூலகத்துக்குப் போனேன். பொறுப்பிலிருந்த மலையாளப் பெண் எழுந்து நின்றாள். பதினேழாம் எண்ணைக் கேட்டேன்.

"திருப்பித் தர பற்றாதுல்லா, சாரே. கொடுத்ததைத் திரும்பத் தரக்கூடாதுன்னு ஏழாவது ஷரத்து சார்தானே எழுதினது."

"கண்ணாடி வேண்டாம்மா. அதுல கட்டியிருக்கற நூல் மட்டும் போதும்."

"நூலா? அது ஒரிஜினல் இல்லல்லோ. பின்னால சேர்த்ததையெல்லாம் எடுத்து மாற்றணும்னு ஒன்பதாவதுல இருக்கு. நாங்க கரெக்டா செய்தோம் சாரே."

"எடுத்து எங்க வச்சீங்க?"

"வைக்கவா? வேஸ்ட்ல போட்டாச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவள்போலப் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். படிவமும் நான் போட்டுக்கொடுத்ததுதான்.

'நீக்கப்பட்டது: நூல் துண்டு, பச்சை, ஒன்று. மதிப்பு: இல்லை.'

அந்தக் கடைசி வார்த்தையைத் திருத்தச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். திருத்தம் கோரத் தானம் கொடுத்தவருக்கு உரிமையில்லை. அது பத்தாவது ஷரத்து.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினேழாம் எண், புதிய திருகாணியோடு, ஆடாமல் இருந்தது.