பாதிச் சிலிண்டரும் ஒரு பேசின் தண்ணீரும்

அன்று காலை கொட்டாஞ்சேனை வீட்டின் பின்முற்றத்தில் அம்மா, அப்பா, நான் மூவரும் இருந்தோம். அண்ணா இல்லை, மட்டக்குளிப் பக்கம் ஓட்டோ ஓடப் போயிருந்தார். கேஸ் கடைக்காரரும் இல்லை. ஞாயிறு, கடை பூட்டு.

கோயிலில் பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வீடொன்றுக்கு மதியச் சாப்பாடு. அம்மாவுக்கு வந்த முதல் பெரிய ஓடர். பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்புமுன் கொடுக்க வேண்டும். தவறினால் அந்தக் கோயில் பங்கில் இனி யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். வாடகைக்கு எடுத்த பெரிய பர்ணரில் கோழிக்கறி கொதிக்கத் தொடங்கியதும் சுவாலை சுருங்கிவிட்டது.

“முடிஞ்சுது. கடைக்காரன் அரைவாசிதான் அடைச்சுத் தந்திருக்கிறான், கள்ளன்,” என்றார் அப்பா.

“முந்தநாள்தானே மாத்தினது!” என்றார் அம்மா.

அப்பா சிலிண்டரைச் சரிக்கக் குனிந்தார். கேஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாம் பழகிக்கொண்ட வழக்கம் அது. கடைசிச் சொட்டையும் எடுக்கவென்று சிலிண்டரைப் படுக்கவைப்பார்கள். நான் குறுக்கே நின்றேன்.

“சரிக்க வேணாம் அப்பா. திரவமாவே குழாய்க்குள்ள வந்திடும். பத்திக்கொள்ளும்.”

சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். நடுவுக்குக் கீழே ஐஸ் போலக் குளிர்ந்து வியர்த்திருந்தது, மேலே காய்ந்திருந்தது. கேஸ் முடியவில்லை, வியர்த்த மட்டம்வரை திரவம் கிடந்தது.

எங்கள் வீட்டில் உயர்தர வகுப்பு வரை போனவன் நான் மட்டும். ஆவியமுக்கம் வெளியமுக்கத்தைத் தொடும்போது திரவம் கொதிக்கும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். உள்ளே நடப்பதும் கொதிப்புத்தான், நெருப்பில்லாத கொதிப்பு. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். பெரிய பர்ணர் இழுத்த வேகத்துக்கு வெளிக்காற்று அந்த வெப்பத்தைக் கொடுத்து முடிக்கவில்லை. திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக் குளிர்ந்துபோனது. குளிரக் குளிர ஆவியமுக்கம் விழுந்தது, கூடவே சுவாலையும். ஆவியாதல் வெப்பவுள்ளுறை என்று புத்தகத்தில் இருந்தது இப்போது என் உள்ளங்கையில் குளிர்ந்தது.

அடுப்பை அணைத்து, உடுப்புத் தோய்க்கும் பேசினில் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன்.

அப்பா சிரித்தார். “இவ்வளவு படிச்சுப்போட்டு சிலிண்டருக்கு ஞானஸ்நானம் குடுக்கிறானடி உன்ர மகன்!”

“சும்மா இருங்கோ. தம்பி, சுடுதண்ணி ஊத்தட்டே?”

“வேணாம் அம்மா, அது ஆபத்து. பச்சைத் தண்ணியே காணும்.”

கொழும்புத் தண்ணீர் அந்தத் திரவத்துக்கு வெந்நீர்தான். சற்றுப் பொறுத்துப் பற்றவைத்தோம். சுவாலை நீலமாக எழுந்தது. பேசின் தண்ணீர் குளிர்ந்ததும் மறுபடி தளர்ந்தது. விடவில்லை. நான் அள்ளி ஊற்ற, அப்பா வாளி வாளியாகச் சுமந்து வந்தார், பகிடியை நிறுத்தியிருந்தார். பூசை முடிந்த மணி கேட்டபோது கடைசிச் சட்டியை இறக்கினோம். சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயே கோயில் திருநாள் ஓடரும் கேட்டார்கள்.

அதற்குப் பேசின் போதாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரே பர்ணருக்கு இரண்டு சிலிண்டர் பூட்டினால் ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் கொதிக்கும், அவ்வளவு குளிராது. அந்த வாரமே வாங்கினோம். புதுச் சிலிண்டர், இரட்டை இணைப்பு, பூட்டுக்கூலி எல்லாமாகப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.