மாத்துரேன் வியர்த்த போர்வை

எங்கள் ஆற்றங்கரையில் மாத்துரேனைப்போல் உழைத்தவன் கிடையாது. இரண்டு வருஷமாக அவன் வியர்த்தான். அதுதான் அவன் வேலை.

சிரிக்க வேண்டாம். ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் புதிய தோலில் நீளமான முரட்டு மயிர் இருக்கும்; தொப்பிக்கு ஆகாது. மயிர் உடம்பில் படும்படி அதைப் போர்வையாகத் தைத்து, ஒருவன் போர்த்திக்கொண்டே திரிந்தால், முரடெல்லாம் தேய்ந்து உதிர்ந்து, பஞ்சு போன்ற அடிமயிர் மட்டும் மிஞ்சும். வியர்வையும் உடம்பில் பூசிய கரடிக்கொழுப்பும் ஊறிய அந்தப் போர்வைக்குத்தான் வியாபாரி துப்பாக்கி தருவான். பாரிஸ் பிரபுக்களின் தலையில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பது எங்கள் ஆட்களின் அக்குள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மாத்துரேனுக்குத் துப்பாக்கி அவசரமாகத் தேவைப்பட்டது. பழையது, படகு கவிழ்ந்தபோது ஆற்றோடு போய்விட்டது. போன குளிர்காலம் முழுக்க அவன் குடும்பம் மாமியார் கண்ணி வைத்துப் பிடித்த முயலைத் தின்றே கரையேறியது. முயலை மட்டும் தின்று இன்னொரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்று அவர்கள் விலா எலும்புகளே சொல்லின.

இந்த நேரம் பார்த்துக் கடல் தாண்டி ஒரு புதுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். மாத்துரேன் பக்தியோடு முன்வரிசையில் முழந்தாளிட்டான். பாதிரியார் பிரசங்கத்தை மூச்சுவிடாமல் முடித்தார்.

“மகனே, அடுத்த ஞாயிறு சுத்தமா வாப்பா.”

மாத்துரேன் சொன்ன சொல் தட்டாதவன். போர்வையை ஆற்று மணல் போட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் விரித்தான்.

மனைவி வபனோக்வே தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவள் அம்மா உட்காரவில்லை. அவர்கள் பூர்வகுடி இனத்தில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசக்கூடாது. அதனால் வீட்டு நாயிடம் பேசினாள்.

“ஏ நாயே, நீயாவது இந்தாள விட அறிவோட இருக்கியே! ரெண்டு வருஷ நாத்தத்த ஒரே காலையில ஆத்துல விட்டுட்டானே!”

அப்போது ஆற்று வளைவில் துடுப்புக்காரர்களின் பாட்டு கேட்டது. வியாபாரி வந்துவிட்டான்.

“நாயே, போர்வைய மாட்டிக்கிட்டுக் குன்று வரைக்கும் ஓடச் சொல்லு! கொஞ்சமாவது வேர்க்கட்டும்!”

மாத்துரேன் ஓடினான். செய்தி சொல்ல வேண்டிய நாயும் கூடவே ஓடியது.

வியாபாரி லமார்ஷ் போர்வையை முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

“என்னய்யா இது, நாத்தமே காணோம்?”

“பாதிரியார் சொன்னாருங்க... அலசிட்டேன்,” என்றான் மாத்துரேன், மூச்சு வாங்கியபடி.

வபனோக்வே கண்ணை மூடிக்கொண்டாள். லமார்ஷ் மயிரை ஊதிப் பிரித்துப் பார்த்தான், உள்ளங்கையால் தடவினான்.

“முரடு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நல்லாத் தேஞ்சிருக்கு. தொப்பிக்காரனுக்கு மயிர்தான்யா வேணும், உன் வேர்வையா வேணும்? இந்த மூட்டைங்களோட ஒரே படகுல ஊர் போய்ச் சேர்றவன் நான். இன்னிக்குத்தான் ஒரு போர்வைய முகத்துகிட்ட வச்சு மூச்சு விட்டேன். எடுத்துக்க துப்பாக்கிய!”

மாமியார் காட்டரிசிக் கஞ்சியை இறக்கி வைத்தாள்.

“நாயே, அந்தாளச் சாப்பிட வரச் சொல்லு. இந்தத் துப்பாக்கியையாவது படகோட சேத்துக் கட்டச் சொல்லு.”

மாத்துரேன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக நாயைப் பார்த்தான்.

“சரின்னு சொல்லுடா.”