பல்லுக்கும் ஒரு கயிறு

டாக்டர் சந்தியாகு காலமான செய்தியை, பல்வலி என்று வந்த ஒருவர்தான் எனக்குச் சொன்னார். கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தூத்துக்குடியில் அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் பல் வைத்தியம் பார்த்தோம். இரண்டாம் உலக யுத்த காலம் முழுக்கச் சண்டையும் போட்டோம். அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

சங்கு குளிக்கும் பருவத்துக்கு முன், வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டுக் கடலில் இறங்குவது இந்தக் கரையின் வழக்கம். அப்படித்தான், கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சூசை என்ற குளிகாரரை அவருடைய மச்சினன் பிச்சை அழைத்து வந்தார். குளிப்பவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் மச்சினன்தான். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்?

"பிடுங்கிப் போடுங்க டாக்டரய்யா. தண்ணிக்குள்ள வலி கண்டா மச்சான் எப்படி மூச்சடக்குவாரு?" என்றார் பிச்சை.

சந்தியாகு அந்தப் பல்லில் ஐஸ் துண்டை வைத்தார். சூசையின் முகம் சுளித்து, உடனே தெளிந்தது.

"பல்லு உயிரோட இருக்கு. இது கல்லு இல்ல வே, உள்ள ரத்தம் ஓடுது. நீரு கயிறு பிடிக்க மாதிரி, எவ்வளவு ரத்தம் விடணும்னு நரம்பு பிடிச்சிருக்கு. சொத்தை குத்தவும் பதறிப்போயி அதிகமா விடுது. பல்லு வீங்க முடியுமா? அதான் வலி. நரம்ப அமத்தினா ரத்தமும் அடங்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கடலுக்குள்ள ஆளு செத்தா யாரு பதில் சொல்லுதது?" என்றேன்.

"நானே படகுல போறேன்" என்றார்.

சொத்தையைச் சுரண்டி, கிராம்பு எண்ணெயில் குழைத்த மருந்தை இடைவெளியில்லாமல் அடைத்தார். வலி அடங்கியபின் சொன்னபடியே படகேறினார். நீச்சல் தெரியாது, கரை மறையுமுன்பே வாந்தி. ஆனாலும் திரும்பவில்லை. சூசை இறங்கியதும் இவர் கயிற்றுக்குக் கை நீட்டினாராம்.

"இது வேற கைக்குப் போவாது டாக்டரய்யா. பக்கத்துல இருங்க" என்றிருக்கிறார் பிச்சை. சூசை சங்கோடு மேலே வந்தார். பல் வலிக்கவே இல்லை. அந்தப் பருவம் முழுக்க அவர் குளித்தார்.

நேற்றுக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது ஒரு கயிற்றைச் சூசையும் இன்னொன்றைப் பிச்சையும் பிடித்திருந்தார்கள். பிச்சை என்னைப் பார்த்தார். "இங்கன வாங்கய்யா. நீங்க பிடிங்க" என்று தன் கயிற்றை என்னிடம் கொடுத்தார். உள்ளங்கை எரிய எரிய இறக்கினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். செய்தி கொண்டுவந்த அதே மனிதர் இன்று காலை மறுபடி வந்து, பல்லைப் பிடுங்கச் சொன்னார். ஐஸ் வாங்கிவர ஆள் அனுப்பினேன்.