அடிக்காதீங்க, அது நம்ம பூச்சி

பூச்சியை ஒழிக்கப் பூச்சியையே விற்பது என் தொழில். அதைச் செடியில் தூவ ஒரு ரோபோவையும் சேர்த்து விற்பது என் தலையெழுத்து. மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆயுளுக்கும் அந்த வீட்டுப் போனை எடுத்துக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஆட்களே, உங்களுக்கு இது புரியும்.

பஸ்ஸில் வந்த பயணிகள்

விராலிமலைப் பக்கம் செல்லையா அண்ணனின் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட செடிக் கொட்டகையில், வெள்ளரி போட்டிருந்தார்கள். இலைக்கு அடியில் செஞ்சிலந்தி என்ற பொடிப்பூச்சி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத் தவிட்டில் கலந்து பாட்டிலில் அடைத்து, திருச்சியிலிருந்து பஸ்ஸில் கிளம்பினேன். வெயில் பட்டால் செத்துவிடும் என்று பெட்டியை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தேன்.

கண்டக்டர் "உள்ள என்னங்க?" என்றார். "உயிருள்ள பூச்சிங்க, ஆயிரக்கணக்குல இருக்கு" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். கண்டக்டர் அசையவில்லை.

"எல்லாத்துக்கும் டிக்கெட் போட்டா மெஷின்ல பேப்பர் பத்தாது. எறங்குறப்ப ஒண்ணு விடாம கூட்டிட்டுப் போயிருங்க."

தவிட்டு மெஷின்

நான் ஏற்கெனவே மாட்டிக் கொடுத்திருந்த ரோபோ வரிசைகளுக்கு நடுவே உருண்டு போய் இலைமேல் தவிட்டைத் தூவியது. செல்லையா அண்ணனின் மனைவி மல்லிகா அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இம்புட்டுப் பெரிய மெஷினு தவிடு தூவத்தானா தம்பி? மாட்டுக்கு வச்சிருந்தா பாலாச்சும் கறக்கும்" என்றார்.

பூச்சி பார்க்க வைத்திருக்கும் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. அப்புறம் கட்டிலில் படுத்திருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்க. இத்தனூண்டு இருந்துக்கிட்டு, வந்ததும் வேலையப் பாக்குது பாருங்க."

மரியாதை தெரிந்த வண்டி

எதிரே ஆள் இருந்தால் ரோபோ தானாக நின்றுவிடும். காய் பறிக்க வரும் பெண்கள் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். கால் வலித்தால் வரிசை நடுவில் உட்கார்ந்துவிடுவார்கள். ரோபோவும் பவ்யமாகக் காத்திருக்கும். ரிப்பேர் என்று என்னை வரவழைத்து, கடைசியில் பார்த்தால் இந்தக் கதை. கொஞ்சம் எழுந்திருங்கம்மா என்றேன்.

"ரோட்டுல போற பஸ்ஸு எதாச்சும் எங்களுக்காக இப்படி நிக்குதா? நிக்கிற ஒண்ணையும் கெடுத்துப்புடாதீங்க தம்பி."

மச்சான் அடித்த மருந்து

மல்லிகா அக்காவின் தம்பி முருகேசன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பாலிஹவுஸுக்குள் போனவர், இலையெல்லாம் பூச்சி ஓடுவதைப் பார்த்துப் பதறி, இருப்பதிலேயே வீரியமான மருந்தை வாங்கி அடித்துவிட்டார். அக்கா மேல் அத்தனை பாசம். எங்கள் பூச்சிகள் ஒன்று விடாமல் செத்தன. பழைய மருந்துகளுக்கெல்லாம் பழகிப்போன செஞ்சிலந்தி மட்டும் பிழைத்து, கேட்பாரில்லாமல் பெருகியது. இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. நான் போனபோது அக்கா தம்பிக்குச் சோறு போட்டார், பேச்சு கிடையாது. செல்லையா அண்ணன், "இந்த வெள்ளாமை போச்சுன்னா அடுத்ததுக்குத் தெம்பில்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

கெட்டுப்போன இலைகளைக் கிள்ளினோம், மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். மருந்தின் வேகம் அடங்கும்வரை காத்திருந்து, புதுப் பூச்சிகளைப் போட்டு மறுபடி ரோபோவை விட்டோம். முருகேசன் லீவை நீட்டிக்கொண்டு, லென்ஸும் கையுமாக இலை இலையாகப் புரட்டினார். ஒருநாள் காலையில் உள்ளேயிருந்து, "அக்கா, நம்ம ஆளு ஒருத்தன் அதைப் புடிச்சுத் திங்கிறான்!" என்று சத்தம். அக்கா ஓடினார். லென்ஸை வாங்குவதற்காகத் தம்பியிடம் பேசியே ஆகவேண்டியதாயிற்று.

முன்வரிசைகள் போனது போனதுதான். மற்றவை துளிர்த்துக் காய்த்தன. அடுத்த தடவை நான் போனபோது முருகேசன் வாசலிலேயே மறித்து, என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"சென்ட் அடிச்சிருந்தா வெளியவே நில்லுங்க சார், எங்க பூச்சிக்கு ஆகாது."

நான் மாட்டிக்கொடுத்த மெஷின்களுக்கெல்லாம் வாரன்டி முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடிய மாட்டேன் என்கிறது.