பதினொன்று நாலுக்கு வந்த குரல்

பிரமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருந்த ஆபீஸில், கீழே பட்டறையில் முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தபோது. அதை அனுபவித்தவள் இன்றைக்கும் ஒரு நிமிடம்கூட முன்பின் மாற்றாமல் சொல்வாள்.

படகு கட்டும் கம்பெனி அது. அங்கே கட்டும் படகு வெளியிலிருந்து பார்த்தால் மீன்பிடி டிராலர் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை என்று முழு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வாங்கிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றுவார்கள். போன இடங்களைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள். அவற்றைத் திருத்தி மாதாமாதம் செய்தி மடல் போடுவது அவள் வேலை. அதனால் பட்டறையில் அவளுக்கு ‘மடல்காரி’ என்றே பெயர். தினமும் காலை பதினோரு மணிக்கு ரேடியோவில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதும் அவள்தான்.

படகுக்காரர்களில் பாட்டு டீச்சர் எழுதுவதுதான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். கணவர் ரயில் ஓட்டியவர். டீச்சரின் கடிதம் எட்டுப் பக்கத்துக்குக் குறையாது. ரேடியோவில் மட்டும் கணவர்தான் வருவார். “ரெண்டு பேர், சௌக்கியம்” என்பார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடிதத்தில், டால்ஃபின்களுக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவே இரண்டு வரிகள் இருந்தன. ‘ஜெனரேட்டர் ஓடும்போது படுக்கையறையில் தலை கனக்கிறது. ஏன் என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்லேன்.’

மடல்காரி அந்த இரண்டு வரியை வெட்டினாள். யாரும் வெட்டச் சொல்லவில்லை. பக்கம் நீண்டுவிட்டது, கடிதத்தின் அழகைக் கெடுக்கிறது, அவ்வளவுதான் காரணம். பட்டறை ஃபோர்மேனிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டீ குடிக்கும்போது அவரைப் பார்த்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. மறுநாள் அதுவே மறந்துபோனது.

திங்கட்கிழமை மடல் எல்லோருக்கும் போயிற்று.

செவ்வாய், 11:04. டீச்சர் படகைக் கூப்பிட்டாள். பதில் வந்தது. கணவர் இல்லை. ஒரு பெண் குரல்.

“நான்தாம்மா, பாட்டு டீச்சர்.”

“அட, டீச்சரா? இன்னைக்கு நீங்களே வந்துட்டீங்களே. சார் எங்கே?”

“தூங்கறார்.”

பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் மேலே ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் இன்னொரு படகிலிருந்த பல் டாக்டர் குறுக்கே பேசினார். ஒருவர் பேசும்போது அப்படிக் குறுக்கிடுகிற மனிதர் இல்லை அவர்.

புதன், 11:04. அதே குரல். இன்று ஜெனரேட்டர் சத்தம் இல்லை.

“சார் எழுந்துட்டாரா?”

“தூங்கறார்.”

தலைவலி எப்படி இருக்கு என்று கேட்க வாயெடுத்தாள் மடல்காரி. எல்லாப் படகும் கேட்டுக்கொண்டிருக்கிறதே... கேட்டால் கடிதத்தில் வெட்டியது வெளியே வரும். கேட்காமல் விட்டுவிட்டாள்.

வியாழன், 11:04. ரேடியோவில் எப்போதும் இருக்கும் அந்த இரைச்சல்கூட இல்லை. காதுக்குள்ளேயே பேசுவது போல...

“மடல் பார்த்தேம்மா. அழகா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு வரியைக் காணோமே?”



“மன்னிச்சிடுங்க டீச்சர்... இடம் பத்தலை.”



பல் டாக்டரின் குரல்தான் வந்தது. மெதுவாக.

“ஏம்மா... மூணு நாளா நீ யாரோட பேசிக்கிட்டு இருக்கே?”

“டீச்சரோட... உங்களுக்குக் கேக்கலையா?”

“அந்தப் படகுலேருந்து திங்கக்கிழமைக்கு அப்புறம் ஒரு சத்தமும் வரலை.”

படி இறங்கி ஓடினாள். ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“லெட்டர் எப்ப வந்தது?”

“ரெண்டு வாரம் ஆச்சு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்காமல் கடலோரக் காவலுக்கு போன் போட்டார்.

அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு தீவின் மறைவில் நங்கூரமிட்டு நின்றிருந்தது படகு. புகைக்குழாய் இணைப்பில் விரிசல். விஷப்புகை படுக்கையறைக்குள் இறங்கியிருக்கிறது. இருவரும் தூக்கத்திலேயே போயிருந்தார்கள். திங்கட்கிழமை இரவு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். டீசல் தீரும்வரை ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது.

அதே மாதிரிப் படகுகளையெல்லாம் சோதித்தார்கள். இன்னும் இரண்டில் அதே விரிசல் இருந்தது. அடுத்த மடலில் டீச்சரின் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் போட்டாள் மடல்காரி. வெட்டியது தான்தான் என்றும் கீழே எழுதினாள். நெஞ்சில் கிடந்த கல் அதனால் நகர்ந்துவிடவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சரின் மகள் கம்பெனிக்கு வந்தாள். மடல்காரி அவள் எதிரே உட்கார்ந்து, வெட்டியதைச் சொன்னாள். டீ நேரத்தில் பேச்சு திசைமாறியதைச் சொன்னாள். புதன்கிழமை கேட்காமல் விட்டதைச் சொன்னாள். கடைசியில், ரேடியோவில் வந்த குரலைப் பற்றியும்.



“எங்கம்மா குரலா?”

“ஆமா. தன் பேரைச் சொல்லித்தான் பேசினாங்க.”

“அம்மாவுக்கு நாலு வருஷம் முன்னாடி தொண்டையில கேன்சர். குரல்வளையையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசினதில்ல. எல்லாத்தையும் எழுதித்தான் காட்டுவாங்க.”



மகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சொல்லுங்க... எப்படி இருந்தது அம்மாவோட குரல்?”