கொயினா இல்லாமல் ஏறிய மலை

எங்கள் வகுப்பில் இன்னும் மூன்று பெண்களின் அண்ணன்மார் மலையில் ஒளிந்திருக்கிறார்கள். பார்க்கப் போக நினைக்கும் அந்தப் பெண்களுக்காக எழுதுகிறேன். அப்பா விழித்தால் விளக்கைப் பிடுங்கிவிடுவார், ஆகவே சுருக்கமாக.

ஜெர்மன் சண்டைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று வைகாசியில் பேச்சு வந்தது. கப்பலில் ஏற்றினால் திரும்புவதில்லையாம். அன்றைக்கே அப்பா அண்ணனை ஏலக்காட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனியில், அவனுக்கு மலைக்காய்ச்சல் என்று பொதிக்கழுதைக்காரர் வீரணன் தகவல் கொண்டுவந்தார்.

அதற்கு மருந்து கொயினா. போடி தபால் ஆபீசில் காலணாவுக்கு ஒரு பொட்டலம். ஆத்தா வாங்கச் சொன்னாள். "சர்க்கார் ஆபீசுல யாருக்குன்னு கேப்பான். மகன் பேரைச் சொல்லிருவியா?" என்றார் அப்பா. நிலவேம்புக் கஷாயத்தோடு நானும் ஆத்தாவும் கிளம்பினோம்.

போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தல் ஐந்து மைல், வண்டிப்பாதை. விடியுமுன் நடந்தால் வெயில் தெரியாது. அதற்குமேல் செங்குத்து, கழுதைகளோடு போவதே நல்லது. எங்கள் மூட்டைக்கு வீரணன் இரண்டணா வாங்கினார்.

"யானை வருமாண்ணே?" என்றேன்.

"பேரைச் சொல்லாத தாயி! பெரியவருன்னு சொல்லு. அவருக்குக் காது பெருசு."

"ஒங்களுக்குமா பயம்?" என்றாள் ஆத்தா.

"அட்டைக்குப் பயம், சிறுத்தைக்குப் பயம், வீட்டுக்காரிக்கு ரெம்பப் பயம்." ஆத்தா சிரித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சிலமலை ஊருப் பயலுக அஞ்சாறு பேரு மேல கெடக்கானுக. கீழ ஒருத்தனையும் பட்டாளம் பிடிக்கல. மேல காய்ச்சல்தான் பிடிக்குது."

பிற்பகலில் அண்ணன் தங்கியிருந்த ஏலக்காட்டுக் கொட்டகையை அடைந்தோம். காலடிச் சத்தம் கேட்டதும் அண்ணன் ஊர்ந்து ஏலச்செடிகளுக்குள் புகுந்துவிட்டான். அவன் உடல் நடுங்கியதில் இலைகள் ஆடின. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கஷாயம் வயிற்றில் தங்கவில்லை.

"யாரும் ஒன்னயப் பிடிக்க வரலய்யா. கீழ வா," என்றாள் ஆத்தா.

"அப்பா வரச் சொன்னாரா?"

அப்பா சொல்லாமல் இறங்கமாட்டேன் என்றான். மறுநாள் காலை அவனை அங்கேயே விட்டு இறங்கினோம்.

போகிறவர்கள் காலில் புகையிலைச் சாறு பூசுங்கள், அட்டை ஏறாது. கம்பளி கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கொயினா வாங்குங்கள். நேற்றுப் பள்ளி விட்டதும் நானே போய்க் கேட்டேன். தபால் குமாஸ்தா காசைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. யாருக்கு என்று கேட்கவேயில்லை.

பொட்டலம் என் பையில் இருக்கிறது. வீரணன் காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறு கழுதைக்காரரிடம் இடத்தைச் சொல்ல அப்பா விடமாட்டேன் என்கிறார். உங்களில் யார் போனாலும் அண்ணனிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்.

எந்தத் தோட்டம், எந்தக் கொட்டகை என்று இங்கே எழுத வேண்டும். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.