அடையாறு வரை போய் அமெரிக்காவை விசாரித்தோம்

வெளிநாட்டில் பொறியியல் படிக்க இடம் தேடுகிறவர்கள் இன்று கைபேசியைத் தடவியே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார்கள். 1973 கோடையில் நான் அதற்குப் பஸ் ஏறினேன். மயிலாப்பூரிலிருந்து தி.நகர், அங்கிருந்து அடையாறு. ஒரு பகல், இரண்டு வீடுகள். வயிற்றெரிச்சல் தனி.

கையில் இரண்டு அமெரிக்கக் கடிதங்கள் இருந்தன. முதல் பல்கலைக்கழகத்தில் நம்மூர்ப் பையன்கள் படித்தார்கள்; உதவித்தொகை பற்றி வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது, முதல் மாதத்திலிருந்தே பணம் தருவதாகச் சொன்னது. ஆனால் அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஈ காக்கை கிடையாது. பதில் அன்று மாலைத் தபாலில் போயாக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று பட்டது. கடன் வாங்கி அனுப்பும் நிலையில் நாங்கள் இல்லை.

“ஜுரம்னா கஞ்சி வச்சுக் குடுக்க ஒரு மனுஷா வேண்டாமாடா? நாலு பேரை விசாரிச்சுட்டுத்தான் பதில்” என்றார் அப்பா. நாலு பேரில் இரண்டு பேர்தான் அகப்பட்டார்கள்.

காலை 9.10க்குக் குளத்தருகே பஸ். பனகல் பார்க்குக்கு நாலு கிலோமீட்டர், இருபது பைசா. அப்பா ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

“இன்னா சார், காலங்காத்தால நோட்ட நீட்டுறே? சில்லறைக்கு எங்க போவேன்?” என்றார் கண்டக்டர். இறங்கும்வரை அந்தப் பாட்டுத்தான்.

தி.நகர் வீட்டில் நாங்கள் பார்த்த துணிக்கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். முதல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் ஒரு காரின் மேல் சாய்ந்து நிற்கும் படத்தைக் காட்டினார். “நம்ம பய அங்க ராசா மாதிரி இருக்கான், பாத்துக்கிடுங்க.”

“என்ன பிரிவுல படிக்கிறார்?” என்று கேட்டேன்.

“பெரிய படிப்புதான் தம்பி. முறுக்கு எடுத்துக்கிடுங்க.”

இரண்டே முக்கால் மணி நேரத்தில் கார் பச்சை நிறம் என்று தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குப் பரம திருப்தி.

அடையாறு பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றோம். வந்ததும் சைதாப்பேட்டையில் இருபது நிமிடம் படுத்துக்கொண்டது. எட்டு கிலோமீட்டரைக் கடக்க மணி 2.10 ஆகிவிட்டது. நடந்திருந்தால் முன்னதாகவே போயிருப்போம் என்றேன், அப்பா முறைத்தார்.

அடையாற்றில் இருந்தவர் ராமசேஷன் மாமா, ஓய்வு பெற்ற கணக்கதிகாரி. அவர் மகனும் அதே முதல் பல்கலைக்கழகம்தான். மாமி சமையலறை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மாமா முந்தின நாள் வந்த நீலநிற விமானத் தபாலைப் பிரித்து வாசித்தார். சௌக்கியமாம். பேராசிரியர்கள் தங்கமாம். வாராவாரம் நண்பர்களோடு சாம்பார் சாதமாம்.

“கேட்டுக்கோடா” என்றார் அப்பா.

நான் கேட்கவில்லை. அந்தத் தாளின் கடைசி மடிப்பு என் பக்கம் தொங்கியது. அதிலும் எழுத்து இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். படித்துவிட்டேன்.

‘போன மாதத்தோடு உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் கிடையாதாம். ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.’

நிமிர்ந்தால் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமி, “இன்னும் ஒரு தரம் படியுங்கோளேன்” என்றாள்.

மாமா வாசல் கேட் வரை வந்தார். “உங்க பையன் இன்னோர் இடத்துக்கே போகட்டும்.”

“ஏன், இவ்வளவு நேரம் நன்னாத்தானே சொன்னேள்?”

மாமா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அங்கே குளிர் ஜாஸ்தி.”

நாள் முழுக்க அலைந்து கிடைத்த ஒரே காரணம் அதுதானா என்று அப்பா தபால் ஆபீஸ் வரை பொருமினார். ஆனாலும் 4.20க்கு இரண்டாவது இடத்துக்கே சம்மதம் எழுதிப் போட்டோம். நான் போன ஊர் அதைவிடக் குளிர். ராமசேஷனுக்குப் பூகோளமே தெரியாது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

போகப்போகிறவர்களுக்கு: சில்லறை எடுத்துப்போங்கள். உதவித்தொகையை எழுத்தில் வாங்குங்கள். அங்கே படிக்கும் பிள்ளையையே நேராகக் கேளுங்கள். பெற்றவர்களைக் கேட்காதீர்கள், பாவம்.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் காய்ச்சலில் ஆறு நாள் தனியாகக் கிடந்தேன். கஞ்சி வைத்துக் கொடுக்க யாரும் இல்லை. ஏழாம் நாள் வீட்டுக்கு எழுதினேன்: சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறேன். கடைசி மடிப்பை வெறுமையாக விட்டு ஒட்டினேன்.